வெயில் இப்படிக் கொளுத்தியும் தக்காளி ஏன் பூசணம் பிடிக்கிறது? (சைப்ரஸ் கோடை)

கேள்வி, ஜூன் 27

லார்னகாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டாம் மாடியில் வாடகை வீடு. பால்கனித் தொட்டிகளில் ஏழு தக்காளிச் செடி வைத்தேன், காய்த்துத் தள்ளுகிறது, தின்று தீரவில்லை. பாதியாக வெட்டி, உப்புத் தடவி, தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். நான்காம் நாள் பார்த்தால் வெள்ளையாகப் பூசணம். வெளியே 36 டிகிரி! சென்னையில் அம்மா மொட்டை மாடியில் போட்ட மிளகாய் மூன்றே நாளில் கலகலவென்று ஆகிவிடுமே. இந்த ஊர் வெயிலுக்கு என்ன கேடு? ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன். அதற்குள் இதையெல்லாம் எப்படியாவது பத்திரப்படுத்த வேண்டும்.

பதில், ஜூன் 27, இரவு

வெயிலைக் குறை சொல்லாதீர்கள், காற்றைப் பாருங்கள். வெயில் தக்காளியிலிருந்து ஈரத்தைக் கிளப்பிவிடும். கிளம்பிய ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போக வறண்ட காற்று வேண்டும். பழத்தை வெளியில் காய வைக்க 30 டிகிரிக்கு மேல் சூடு, 60 சதவீதத்துக்குக் கீழ் ஈரப்பதம், இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கடலோரத்தில் ஜூலை, ஆகஸ்டில் முதலாவது தாராளமாகக் கிடைக்கும், இரண்டாவதுக்கு அல்லாட வேண்டும். இரவில் தட்டை வெளியே விட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

லிமசோலில் மூன்று கோடை நானும் இதே கூத்தை அடித்தேன். அப்புறம் மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்கு வீடு மாறினோம், கடலிலிருந்து அரை மணி நேர ஓட்டம், 700 மீட்டர் உயரம். அதே தக்காளி, அதே கத்தி. ஐந்தாம் நாள் தோல் செருப்பு மாதிரி வளைந்தது.

ஜூன் 28

“சென்னை என்ன பாலைவனமா? அங்கேயும் கடல்தானே, வற்றல் காயவில்லையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நேற்று அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

யோசித்துப் பார்த்தால் நம் அம்மாக்கள் வெயிலில் போட்டதெல்லாம் முதலிலேயே பாதி காப்பாற்றப்பட்ட சரக்கு. மோர் மிளகாய் உப்பிலும் புளித்த மோரிலும் ஊறியது. கூழ் வடகம் உப்பும் புளிப்பும் சேர்த்துக் காய்ச்சியது, மெல்லிசாகவும் பிழிந்தது. சுண்டைக்காய் எவ்வளவு பெரிது சொல்லுங்கள். தக்காளியோ 95 சதவீதம் தண்ணீர். பாதியாக வெட்டினால்கூட அது ஒரு சின்னக் குளம்.

ஜூன் 28, மாலை

படம் போட்டதற்கு நன்றி. இப்போது மொத்தமாகவே மாற்றிச் சொல்கிறேன். ஈரப்பதம் இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி உங்கள் எவர்சில்வர் தாம்பாளம். அடியில் காற்றே போகவில்லை, தக்காளி தன் சாற்றிலேயே உட்கார்ந்து வெந்திருக்கிறது. பால்கனியும் கிழக்குப் பார்த்தது, 11 மணிக்கு மேல் நிழல். அம்மாவின் மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில், கீழே சூடேறிய தளம், மேலே கடல் காற்று.

கம்பிவலை அல்லது பழைய ஜன்னல் கொசுவலைச் சட்டம் எடுங்கள். நான்கு மூலையிலும் செங்கல் வைத்துத் தூக்குங்கள். வெட்டுவாய் மேலே பார்க்கட்டும். மேலே வலைத்துணி. ஏழு மணிக்கு உள்ளே, காலை எட்டுக்கு வெளியே. கட்டடத்தின் மொட்டை மாடிச் சாவியை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சூரிய ஹீட்டர் பார்க்க என்று சொன்னால் கொடுத்துவிடுவார், இங்கே எல்லாக் கூரையிலும் அது இருக்கிறது.

ஜூன் 30

பதில் தாமதம். இரண்டு கையும் கறுப்பு.

பக்கத்து வீட்டுப் பாட்டி பச்சை வால்நட் ஒரு கூடை கொடுத்துவிட்டார், சீசனின் கடைசி. உள்ளே ஓடு கட்டுவதற்கு முன்பே பறித்து, தோல் சீவி, நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பை எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு உறுதியாக்கி, கிராம்பு போட்ட சர்க்கரைப் பாகில் காய்ச்சுவார்கள். விருந்தாளி வந்தால் சின்னத் தட்டில் ஒன்றே ஒன்று, பக்கத்தில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர். கரிதாகி என்று பெயர். சீவும்போது கையுறை போடு என்று பாட்டி சொன்னார், எனக்குப் புரிந்த கிரேக்கத்தில் அது “சர்க்கரை போடு” என்று விழுந்தது. விரலெல்லாம் தப்பாகப் போன மருதாணி. ஆபீஸ் வீடியோ அழைப்பில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஜூலை 3

கார் யோசனை சொன்னவருக்கு: ஆமாம், வேலை செய்யும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு டேஷ்போர்டில் தட்டு வைத்தால் இரண்டு நாளில் தக்காளி சுருங்கிவிடும். நானே செய்திருக்கிறேன். பிறகு மூன்று வாரம் கார் முழுக்கப் பீட்சா வாசனை. என் கணவர் அதில்தான் ஒரு வாடிக்கையாளரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தார். அந்தத் தலைப்பை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

ஜூலை 9

எவ்வளவு தேறும் என்று கணக்குக் கேட்டிருந்தீர்கள். இந்த முறை எடை போட்டேன்: 10 கிலோ போட்டு 650 கிராம் எடுத்தேன். நீளவாக்குத் தக்காளி, சதைப்பற்று உள்ளது. உருண்டைத் தக்காளியில் இதுகூடத் தேறாது.

பதம் எப்படித் தெரியும்? கிள்ளினால் ஈரம் கசியக் கூடாது, மடித்தால் உடையவும் கூடாது. வெளியே காய்ந்து உள்ளே சதசதவென்று இருப்பதுதான் ஏமாற்றும். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு மூடி ஒரு வாரம் வையுங்கள், தினம் குலுக்குங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் திரும்ப வெயிலுக்கு.

செங்குளவி ஜாக்கிரதை. அத்திப்பழமும் திராட்சையும் பழுத்தால் தன் சொத்து மாதிரி வந்துவிடும், தக்காளியையும் விடுவதில்லை. பாட்டி பக்கத்துச் சுவரில் ஒரு துண்டு மீன் வைத்துவிடுவார், அதற்கு அங்கே பந்தி. நான் வலைத்துணியைக் கல் வைத்துக் கட்டுகிறேன். ஒருமுறை கல் வைக்க மறந்தேன், இடது கட்டைவிரல் இரண்டு நாள் வாழைப்பூ அளவுக்கு இருந்தது.

ஜூலை 12

மேலே ஒருவர் குறிப்புக் கொடுத்திருக்கிறார்: அரைக்காய்ச்சல் தக்காளி, பச்சைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி அலமாரியில் ஆறு மாதம். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். எண்ணெய் காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் போட்டுலிசம் என்ற உணவு நஞ்சைத் தரும் கிருமிக்குப் பிறந்த வீடு. பூண்டு மண்ணில் விளைவது, அந்தக் கிருமியின் விதைத்துகள் பூண்டோடு வரலாம். வாசனை கெடாது, நிறம் மாறாது, நஞ்சு மட்டும் இருக்கும். பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த தக்காளியை எண்ணெயில் போட்டாலும் நான் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். எண்ணெய் உறைந்து நெய் மாதிரி ஆகும், பரவாயில்லை, வெளியே எடுத்தால் உருகிவிடும்.

ஜூலை 13

“எங்க பாட்டி ஐம்பது வருஷமா செய்றாங்க, யாரும் சாகலை.” சரி. எங்கள் தாத்தா ஹெல்மெட் போட்டதே இல்லை, தொண்ணூறு வயது வரை இருந்தார். அதற்காக நான் ஹெல்மெட்டைக் கழற்றவா?

சண்டை வேண்டாம், உருப்படியாக ஒன்று சொல்கிறேன். தக்காளி புளிப்பு என்று நம்பி ஏமாறுகிறோம். அதன் பிஹெச் (எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) 4.6-ஐ ஒட்டி நிற்கும், நன்றாகப் பழுத்தால் அதைத் தாண்டியும் போகும். அந்தக் கோட்டுக்கு மேலே போனால் வெறும் கொதிநீர் போதாது, 121 டிகிரி வேண்டும், அதற்குப் பிரஷர் பாத்திரம் வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கடையில் புட்டியில் வரும் சாறு. மரத்து எலுமிச்சை ஒன்று போல் ஒன்று புளிக்காது, புட்டிச் சாற்றில் அளவு மாறாது. மசித்துக் கொதிக்கும் தக்காளியை ஜாடியில் ஊற்றி, மூடி, மூழ்கும் அளவு கொதிநீரில் 45 நிமிடம். அது கடலோரக் கணக்கு. மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு குறைவு, அதனால் என் வீட்டில் 50. இதில் வெங்காயம், குடைமிளகாய் என்று கை போன போக்கில் சேர்க்காதீர்கள், கணக்கு மாறிவிடும். தாளிப்பதெல்லாம் ஜாடியைத் திறந்த பிறகு.

ஜூலை 21

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்க வேண்டாம்.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தம்பதி இருக்கிறார்கள். இந்தத் தீவு 1878-லிருந்து 1960 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. இன்றும் கார் இடப்பக்கம் ஓடுகிறது, சுவரில் மூன்று சதுரக்கால் பிளக். நேற்று அந்த அம்மாள் ஒரு ஜாடி கொண்டுவந்து “உங்கள் ஊர்ப் பொருள், நீங்கள்தான் சரியா என்று சொல்ல வேண்டும்” என்றார். மூடியில் சட்னி என்று எழுதியிருந்தது. பச்சைத் தக்காளி, வினிகர், உலர்திராட்சை, ஒரு மலை சர்க்கரை. தேங்காய் இல்லை, தாளிப்பு இல்லை, தொட்டுக்கொள்ள இட்லியும் இல்லை. பேர் மட்டும் நம்முடையது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வினிகரும் சர்க்கரையும் அந்த அளவுக்கு இருந்தால் அலமாரியில் ஒரு வருடம் அசையாமல் நிற்கும். நம் தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் கோபித்துக்கொள்ளும். சீஸோடு சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது.

வெண்டைக்காய் கேட்டவருக்கு: இந்த ஊர் வெண்டை விரல்நுனி அளவுதான், பாமியெஸ். காம்பைக் கூம்பாகச் சீவி, வினிகர் தெளித்து, அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுச் சமைப்பார்கள். கொழகொழப்பு போய்விடும். இந்த ஒரு வித்தையை நான் ஊரில் சொன்னபோது மாமியார் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 30

ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன், எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். உட்காருங்கள்.

நான்கு வருடம் முன்பு. 14 கிலோ: வெண்டை, தக்காளிச் சாறு, துருவிய தேங்காய், நிக்கோசியாவில் ஓர் இலங்கைக் கடையில் அலைந்து வாங்கிய கறிவேப்பிலை. மூன்று வாரம் மதுரை. போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சுவிட்ச்போர்டில் ஒரு பொத்தான் தானாக விழுந்திருக்கிறது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. மூடிய வீட்டுக்குள் ஆகஸ்ட் வெயில். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு “இங்கே யாராவது இறந்துவிட்டார்களா?” என்றார். ஃப்ரீசரை மூன்று முறை கழுவி, காபித்தூள் வைத்து, கடைசியில் தூக்கியே போட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஜாடிக்கு மாறினேன். ஜாடிக்குக் கரண்ட் வேண்டாம். ஃப்ரீசர் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயமும் வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம், எல்லாம் குப்பைக்கு.

ஆகஸ்ட் 14

இந்த வாரம் எதுவும் காய வைக்கவில்லை. நாளை மாதாவின் திருநாள். கடலோரத்தில் பாதிக் கடை சாத்தியாயிற்று, நகரத்துப் பிள்ளைகள் எல்லாரும் கிராமத்தில். தெருவில் கார் நிறுத்த இடமில்லை, குழாயில் தண்ணீரும் இல்லை, இத்தனை பேரும் ஒரே நேரத்தில் குளித்தால் எப்படி வரும்? கூரைத்தொட்டியில் இருப்பதைச் செடிக்கா துணிக்கா என்று பங்கு போடுகிறேன். பழைய ஆட்கள் 2008-ஐச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்கள். அந்த வறட்சியில் கிரீஸிலிருந்து கப்பலில் குடிநீர் கொண்டுவந்தார்கள்.

வெளியில் அண்டா வைத்து விறகடுப்பில் தக்காளி காய்ச்சலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. சட்டமும் விடாது. 2021 ஜூலையில் அரக்கபாஸ் பக்கம் தொடங்கிய தீயில் நான்கு எகிப்தியத் தொழிலாளர்கள் இறந்தார்கள், வயலுக்கு வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஊருக்குத் தீ வரவில்லை, வானம் மட்டும் செம்மண் நிறமாக நின்றது. அன்றிலிருந்து கோடையில் பாஸ்போர்ட் பை கதவருகே தொங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன் என்றால் நாமும்தானே என்று அன்று தோன்றியது, ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்துகொண்டு அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 29

இன்று காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “எலா, கோரி!” வா மகளே என்று பாட்டி கூப்பிட்டார். போனால் கூரையில் வெள்ளைத் துணி விரித்து, பாட்டியும் அவர் நாத்தனாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அண்டா. ஆட்டுப்பாலை நாள் கணக்கில் புளிக்க விட்டு, நேற்று உடைத்த கோதுமை போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள், கரண்டி நட்டால் நிற்கிறது. இரவெல்லாம் ஆறியதைக் கையால் எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, விரல் நீளத்துக்குத் துணியில் வைக்க வேண்டும். ட்ரஹனாஸ்.

ஒரு விள்ளல் வாயில் போட்டேன். புளிப்பு, உப்பு, மாவு. கூழ் வடகத்துக்குப் பிழியும் முன் அம்மா ஒரு கரண்டி கையில் ஊற்றுவாளே, அந்த ருசி. பாலும் கோதுமையும் வேறு, ஆனாலும் நாக்கு ஏமாறவில்லை. பாட்டியிடம் சொல்ல நினைத்தேன், வார்த்தை இல்லை. துணியைக் காட்டி, வானத்தைக் காட்டி, காக்கையை விரட்டுவது போல் கையை ஆட்டி, “மாமா, இந்தியா” என்றேன். இங்கே மாமா என்றால் அம்மா. பாட்டிக்குப் புரிந்துவிட்டது. நாத்தனாரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உருட்டியது எல்லாம் கோணல் என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 28-இல் எழுதியதற்கு இது சாட்சி. முதலில் புளிப்பு, அடுத்து உப்பு, வெயில் கடைசி. மழைக்காலத்தில் இதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஹலூமிச் சீஸ் நறுக்கிப் போடுவார்கள்.

செப்டம்பர் 16

திராட்சை. கமாண்டரியா என்ற இனிப்பு ஒயின் செய்யும் ஊர்கள் 14, எங்கள் ஊர் அதில் இல்லை, ஆனால் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பறித்த திராட்சையை ரோட்டோரத் திடலில் பரப்பி வெயிலில் வாட விடுகிறார்கள், கிட்டத்தட்ட உலர்திராட்சை ஆகும்வரை. அப்புறம்தான் பிழிவது. ஒயின் என்கிறார்கள், நான் வற்றல் ரசம் என்பேன்.

அக்டோபர் 6

பச்சை ஆலிவ் வந்துவிட்டது. கேட்டவர்களுக்காக, சக்கிஸ்தெஸ்: காயைக் கல்லால் ஒரு தட்டு, சதை வெடிக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. தண்ணீரில் போட்டுத் தினமும் மாற்றி ஒரு வாரம், கசப்பு உங்கள் நாக்குக்கு ஏற்ப இறங்கும்வரை. பிறகு உப்புநீர், எலுமிச்சை. சாப்பிடும்போது ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, அப்புறம் இடித்த தனியா. ஆமாம், நம் கொத்தமல்லி விதைதான். இந்தத் தீவில் தனியா இல்லாமல் எதுவும் நடக்காது. ஊறுகாய்க்கு இடிப்பது போல் ஒன்றிரண்டாக இடியுங்கள்.

உப்புநீர் அளவுக்கு பாட்டியின் தராசு ஒரு முட்டை. தண்ணீரில் முட்டையைப் போட்டு உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். முட்டை மேலே வந்து ஒரு நாணயம் அளவுக்குத் தலை காட்டினால் போதும். நானும் அப்படியே செய்து மூன்று ஜாடி மூடிவிட்டேன்.

அக்டோபர் 8

லார்னகா நண்பரே, மொட்டை மாடிச் சாவி கிடைத்ததில் மகிழ்ச்சி. காய்ந்த தக்காளி 400 கிராம் என்பது முதல் முறைக்கு நல்ல விளைச்சல். ஃப்ரீசர் நாணயம் மேலேயே இருந்ததா? அதைச் சொல்லவே இல்லையே.

அக்டோபர் 27

6-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம், அவமானத்தோடு.

மூன்று ஜாடியும் போயிற்று. காய் கொழகொழத்து, மேலே ஏடு கட்டி, திறந்தால் ஈரத்துணி வாசனை. பாட்டி ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு உப்பு போதவில்லை என்றார். முட்டை மிதந்ததே என்று சத்தியம் செய்தேன். எந்த முட்டை என்றார். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். கடை முட்டை, வாங்கி ஒரு மாதம் இருக்கும். ஒன்றை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் போட்டார். உப்பே இல்லாத தண்ணீரில் அது ஜம்மென்று மிதந்தது. பழைய முட்டைக்குள் காற்று ஏறியிருக்கும், மிதக்க உப்பு எதற்கு? நான் கொஞ்சம் உப்புப் போட்டதுமே தலை காட்டியிருக்கிறது, நானும் நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் முறை தராசில் நிறுத்தேன், லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு. பாட்டி மட்டும் தராசை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கோழி காலையில் இட்ட முட்டையை எடுத்துவந்து என் உப்புநீரில் போட்டுப் பார்த்தார். சரியாக ஒரு நாணயம். முட்டையைத் துடைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.